டேலி ஆன கணக்கு

காலை செபம் ஆச்சு. ஞாயிறு பூசை ஆச்சு. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் கறி கிடையாது. பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம், புதுநன்மை எல்லாம் வேளாவேளைக்கு நடந்துவிட்டது. பங்குச் சாமியார் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். (சி.எஸ்.ஐ. அன்பர்கள் இந்தப் பட்டியலைத் தங்கள் வசதிக்கு மாற்றிப் படித்துக்கொள்ளலாம். ஒன்றும் குறையாது.) ஆனால், 'கடவுள் வேண்டும்' என்று உங்களுக்கு நிஜமாகவே கடைசியாக எப்போது தோன்றியது என்று யாராவது கேட்டால்?

கோபம்கூட வராது. "அதான் எல்லாம் சரியாத்தானே போய்க்கிட்டிருக்கு" என்பீர்கள்.

நான் பி.காம். படித்தவன். இந்தப் பதிலைக் கேட்டால் எனக்கு ட்ரயல் பேலன்ஸ்தான் ஞாபகத்துக்கு வரும். இடதுபக்கக் கூட்டலும் வலதுபக்கக் கூட்டலும் ஒன்றாக வந்துவிட்டால் கணக்கு டேலி. மாணவன் முகத்தில் ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள்! அப்போது வாத்தியார் வந்து கெடுப்பார். டேலி ஆகிவிட்டதாலேயே கணக்கு சரி என்று அர்த்தமில்லை, ஒரு பரிவர்த்தனையைப் புத்தகத்தில் எழுதவே இல்லையென்றாலும் டேலி ஆகும் என்பார். டெபிட்டிலும் இல்லை, கிரெடிட்டிலும் இல்லை. ஆகவே வித்தியாசமே தெரியாது. 'எரர் ஆஃப் ஒமிஷன்' என்று பெயர். தப்புகளிலேயே மோசமானது இதுதான். மற்ற தப்புகள் பல சமயம் காட்டிக்கொடுக்கும். இது கடைசிவரை நல்ல பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கும்.

ஆன்மிக வாழ்க்கையில் இந்தத் தப்பைப் பற்றி எழுதிய புத்தகங்களில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது, ஸ்பெயின் தேசத்துக் கன்னியாஸ்திரீ ஒருவர் 1565ல் எழுதி முடித்த சுயசரிதை. அவர் அவிலா தெரசா.

ஒரு நிமிஷம். தெரசாக்கள் மூவர். கொல்கத்தாவில் ஏழைகளுக்குச் சேவை செய்த அன்னை தெரசாவை உலகத்துக்கே தெரியும். கையில் ரோஜாக்களோடு சுரூபமாக நிற்கும் இளம்பெண், 24 வயதில் காசநோயில் இறந்த பிரான்ஸ் தேசத்து லிசியே தெரசா. இந்த இருவருக்கும் முந்தியவர் 1515ல் பிறந்த அவிலா தெரசா. கார்மெல் சபையைச் சீர்திருத்தியவர். 17 மடங்கள் அமைத்தவர். 1970ல் கத்தோலிக்கத் திருச்சபை 'மறைவல்லுநர்' என்ற பட்டத்தைப் பெண்களில் முதலில் கொடுத்தது இவருக்குத்தான்.

சுயசரிதைக்கு அவர் தலைப்பு வைக்கவில்லை. பிற்பாடு ஒரு கடிதத்தில் அதைக் கடவுளின் இரக்கங்களைப் பற்றிய புத்தகம் என்று குறிப்பிட்டார். உலகம் அதை 'வாழ்க்கை' என்று சுருக்கமாக அழைக்கிறது. 40 அத்தியாயங்கள். சாதாரணமாக இந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் காட்சிகளுக்கும் பரவசங்களுக்கும் தாவிவிடுவார்கள். ஒரு தேவதூதன் நெருப்பு முனையுள்ள ஈட்டியால் அவர் நெஞ்சைக் குத்துவதாக 29ம் அத்தியாயத்தில் வருகிறது. அதைத்தான் பெர்னினி 1647க்கும் 1652க்கும் இடையில் பளிங்கில் செதுக்கி ரோமில் வைத்தார். சுற்றுலாப் பயணிகள் அதன்முன் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

எனக்கென்னவோ புத்தகத்தின் உயிர் அங்கே இல்லை. ஒன்றுமே நடக்காத அந்த இருபது வருஷங்களில்தான் இருக்கிறது.

* * *

தெரசா சின்ன வயசிலேயே தீவிரமான ஆசாமி. அண்ணன் ரோட்ரிகோவோடு சேர்ந்து, மூர்களின் தேசத்துக்கு ஓடிப்போய் அங்கே தலை வெட்டப்பட்டு வேதசாட்சியாகிவிடலாம் என்று திட்டம் போட்டிருக்கிறார். காரணம்தான் ரசிக்கத்தக்கது. வேதசாட்சிகள் சொர்க்கத்தை ரொம்ப மலிவாக வாங்கிவிட்டதாக அந்தக் குழந்தைக்குப் பட்டதாம். வியாபாரக் குடும்பம்! தாத்தா டோலேடோவில் ஜவுளி வியாபாரி.

அப்புறம் அம்மா வழியில் வீரசாகசக் கதைகள் படிக்கிற பைத்தியம். அப்பாவுக்குத் தெரியாமல் ராத்திரி பகலாகப் படிக்கிறார். அலங்காரம், நறுமணம், உறவுக்காரப் பிள்ளைகளோடு அரட்டை. இருபது வயதில், 1535ல், அவிலாவின் 'மனிதாவதாரம்' கார்மெல் மடத்தில் சேர்கிறார். கடவுள்மேல் உள்ள ஆசையால் என்று எழுதியிருக்கலாம். யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் அன்பைவிட நரக பயம்தான் தன்னை அங்கே தள்ளியது என்று எழுதிவைக்கிறார். இந்த அம்மாளை நம்பலாம் என்று எனக்குத் தோன்றியது அந்த இடத்தில்தான்.

மடத்தில் சேர்ந்த சில வருஷங்களில் கடும் நோய். கிராமத்து வைத்தியச்சி ஒருத்தியின் பேதி மருந்துகள் உயிரை இன்னும் உறிஞ்சுகின்றன. 1539 ஆகஸ்டில் நாலு நாள் நினைவில்லை. செத்துவிட்டார் என்று குழி தோண்டிவைத்தாகிவிட்டது. கண் விழித்தபோது இமையில் சவத்துக்கு வைக்கிற மெழுகு! அப்புறம் ஏறத்தாழ மூன்று வருஷம் முடங்கிக் கிடக்கிறார். அந்தப் படுக்கையில் அவருடைய செபம் பிரமாதமாக இருந்தது. சித்தப்பா கொடுத்த ஓர் ஆன்மிகப் புத்தகத்திலிருந்து மனச்செபம் பழகியிருந்தார். உதட்டால் சொல்லும் வாய்ச்செபம் வேறு. இது பேசாமல் உட்கார்ந்து, பக்கத்தில் இருக்கும் ஒருவரோடு இருப்பதுபோலக் கடவுளோடு இருப்பது.

நோய் தீர்ந்தது. எழுந்து நடந்தார். விழுந்தது அப்போதுதான்.

எதில் விழுந்தார் என்று கேட்டால் சப்பென்று இருக்கும். மடத்தின் பார்வையாளர் அறையில். அரட்டை, அவ்வளவுதான். 'மனிதாவதாரம்' மடத்தில் ஒரு கட்டத்தில் சுமார் 180 பெண்கள் இருந்தார்கள். வெளியே போகக்கூடாது, உள்ளே வரக்கூடாது என்ற கண்டிப்பு அங்கே கிடையாது. வசதியான வீட்டுப் பெண்களுக்குத் தனி அறைகள். ஏழைகளுக்குப் பொதுக்கூடம். தெரசா அங்கே 'தோன்யா தெரசா தெ அஹுமாதா'. தோன்யா என்றால் சீமாட்டி. அழகாகப் பேசுவார், சிரிக்க வைப்பார். ஊர்ப் பெரியமனிதர்கள் அவரைப் பார்க்கவே மடத்துக்கு வந்தார்கள்.

இங்கே ஒரு வணிகவியல் விஷயம் இருக்கிறது. பக்தி நூல்கள் இதைத் தாண்டிப் போய்விடும். மடத்தில் பெண்கள் அதிகம், வருமானம் குறைவு. சாப்பாட்டுக்கே சிரமமான நாட்களில் சிலரைச் சொந்தக்காரர் வீட்டுக்கும் தெரிந்தவர் வீட்டுக்கும் அனுப்பிவிடுவார்கள். அப்படியிருக்க, பணக்கார விருந்தாளிகளை இழுத்துவருகிற ஒரு கன்னியாஸ்திரீயை எந்தச் சிரேஷ்ட தாயார் கண்டிப்பார்? 'அரட்டையைக் குறைத்துக்கொள்' என்றா சொல்வார்? தெரசாவே எழுதுகிறார், தன்மேல் எல்லோருக்கும் நல்ல அபிப்பிராயம் இருந்ததால் வயதானவர்களுக்குக்கூடக் கொடுக்காத சுதந்திரத்தைத் தனக்குக் கொடுத்தார்கள் என்று. தன் மந்தநிலைக்கு அவர் தன்னையே குற்றம் சாட்டுகிறார். எனக்கு அந்த மடத்தின் வரவு செலவுப் புத்தகத்தின்மேலும் சந்தேகம் உண்டு. ஒரு நிறுவனத்துக்கு உங்கள் ஆத்ம தூக்கம் லாபகரமாக இருந்தால், அந்த நிறுவனத்தில் யாரும் உங்களை எழுப்பமாட்டார்கள்.

எழுப்ப முயன்றவர்கள் இல்லாமலில்லை. சொந்தக்காரரான ஒரு வயசான கன்னியாஸ்திரீ பலமுறை எச்சரித்திருக்கிறார். தெரசாவுக்கு எரிச்சல்தான் வந்தது. ஒருநாள் விருந்தாளி ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தபோது பட்டப்பகலில், தேரை மாதிரி, ஆனால் தேரையைவிட வேகமாக, பெரிசாக ஏதோ ஒன்று தங்களை நோக்கி வந்ததைப் பார்த்ததாகச் சொல்கிறார். கூட இருந்தவர்களும் பார்த்தார்களாம். அப்போதும் பேச்சு நிற்கவில்லை. தேரையே வந்தாலும் சொகுசு சொகுசுதான்.

* * *

7ம் அத்தியாயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும்.

ஒரு கட்டத்தில் தெரசா மனச்செபத்தையே நிறுத்திவிட்டார். ஒரு வருஷத்துக்கும் மேல். காரணம்? அடக்கம்! இத்தனை வீண்பொழுது போக்குகிற நான் எந்த முகத்தோடு கடவுள்முன் தனியாக உட்காருவது? எல்லோரும் சொல்லும் வாய்ச்செபத்தைச் சொல்லிக்கொண்டு கும்பலோடு கும்பலாக இருந்துவிட்டுப் போகிறேன். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! தன் வாழ்க்கையில் சாத்தான் செய்த மிகப்பெரிய மோசடி இதுதான் என்று பிற்பாடு எழுதுகிறார். திமிரைத் திமிர் என்று கண்டுபிடித்துவிடலாம். அடக்கத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு வரும் சோம்பலை யார் பிடிப்பது? 'நமக்கெல்லாம் அந்த அளவுக்கு லாயக்கில்லைங்க' என்று சொல்கிறவரைச் சபையில் எல்லோரும் மதிப்பார்கள். அவருக்கும் சௌகரியம். லாயக்கில்லாதவனிடம் யாரும் எதையும் எதிர்பார்க்க முடியாதல்லவா?

இதில் ஒரு சிக்கல். மனச்செபத்தைத் தன் அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தவரே தெரசாதான். அப்பா அலோன்சோ நல்ல மனுஷர், பொய் பேசத் தெரியாதவர். மகள் சொன்னதைப் பிடித்துக்கொண்டு ஐந்தாறு வருஷத்தில் எங்கேயோ போய்விட்டார். மடத்துக்கு வந்து தன் அனுபவங்களை மகளோடு பேசுவார். மகளும் முன்போலவே செபிக்கிறாள் என்ற நினைப்பு. அவரை ஏமாற்றிக்கொண்டிருக்க மனசு வராமல் ஒருநாள் சொல்லிவிட்டார்: இப்போதெல்லாம் நான் மனச்செபம் செய்வதில்லை அப்பா.

சொன்னார், ஆனால் நிஜமான காரணத்தைச் சொல்லவில்லை. உடம்பு சரியில்லை என்றார். உடம்பு சரியில்லைதான், அதுவும் உண்மையே. தினம் காலையில் வாந்தி வருகிற உடம்பு. ஆனால் அது காரணமில்லை என்று அவருக்குத் தெரியும். அப்பா நம்பினார். பரிதாபப்பட்டார். அதற்கப்புறம் என்ன நடந்தது தெரியுமா? அப்பாவின் வருகைகள் சின்னதாகின. மகளைப் பார்ப்பார், எழுந்துவிடுவார். இங்கே உட்கார்ந்திருப்பது நேர விரயம் என்பதுபோலச் சொல்லிவிட்டுப் போவார். செபத்துக்குப் போகவேண்டும் அவருக்கு. தெரசா என்ன செய்தார்? ஒன்றும் செய்யவில்லை. தன் நேரத்தை வேறு வீண் காரியங்களில் செலவழித்துக்கொண்டிருந்ததால் அதைப் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை என்று எழுதுகிறார்.

சொல்லிக்கொடுத்தவள் கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள். கற்றுக்கொண்டவர் எழுந்து போகிறார். சண்டையில்லை, கண்டிப்பில்லை. மகளுக்கு உறைக்கவும் இல்லை. இருபது வருஷம் கழித்து எழுதும்போதுதான் உறைத்திருக்கிறது. கடவுள்மேல் ஆசை செத்துப்போவது எப்படியிருக்கும் என்பதற்கு எத்தனையோ பிரசங்கங்கள் இருக்கின்றன. இதற்கு இணையாக ஒன்றை நான் படித்ததில்லை. ஆசை போன இடத்தில் வலி இருக்கும் என்றுதான் நாம் நினைக்கிறோம். இந்தப் பக்கத்தில் வலியே இல்லை.

அப்பா 1543 டிசம்பரில் இறந்தார். கடைசி நாட்களில் கூட இருந்து பார்த்துக்கொண்டவர் தெரசாதான். அப்பாவுக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்ட டொமினிக்கன் துறவியிடம் தன் நிலைமையைச் சொன்னார். திரும்பவும் செபிக்கத் தொடங்கு, எப்படியும் அதனால் உனக்கு நன்மைதான் என்றார் அவர். தொடங்கினார். அதற்கப்புறம் சாகும்வரை விடவேயில்லை.

வேறு யாராவது எழுதியிருந்தால் இங்கே மங்கள ஓசை கேட்டிருக்கும். மனம் திரும்பினாள், சுபம்! தெரசா அப்படிச் செய்யவில்லை. செபத்துக்குத் திரும்பியபோது வயது 28. விடிவு வந்தபோது 39. நடுவில் பத்து வருஷத்துக்குமேல், செபமும் உண்டு, அரட்டையும் உண்டு. கடவுளோடு இருக்கும்போது உலகம் இழுக்கிறது, உலகத்தோடு இருக்கும்போது கடவுள் உறுத்துகிறார். இரண்டிலும் சுகமில்லை. செப நேரத்தில் மணி எப்போது அடிக்கும், எப்போது எழுந்து போகலாம் என்பதிலேயே குறியாக இருந்த நாட்கள் பல என்கிறார். வேறு எந்தக் கடுமையான தவத்தையும் அதைவிடச் சுலபமாகச் செய்திருப்பாராம். தான் செபம் தொடங்கிய 28 வருஷங்களில் 18க்கும் மேல் இந்த இழுபறியிலேயே போயிற்று என்று 8ம் அத்தியாயத்தில் கணக்கே கொடுக்கிறார். அறுபது சதவிகிதத்துக்கும் மேல். ஒரு புனிதையின் ஐந்தொகை!

வழக்கத்துக்குத் திரும்புவது வேறு, ஆசை திரும்புவது வேறு. நாலு நாள் தியானக்கூட்டம் போய்விட்டு வந்து மறுபடி பைபிள் திறக்கிறவர், தான் புதுப்பிக்கப்பட்டுவிட்டதாக நினைத்துக்கொள்கிறார். மூணாவது வாரம் மணி பார்க்கத் தொடங்கியதும் எல்லாம் பொய் என்று விட்டுவிடுகிறார். மணி பார்த்துக்கொண்டே பத்து வருஷம் உட்கார்ந்திருந்த ஒருத்தியின் கதை அவருக்குத் தெரிந்திருந்தால் நல்லது.

* * *

1554. மடத்தில் ஏதோ ஒரு திருவிழாவுக்காக ஒரு சுரூபம் இரவல் வாங்கி வந்து செபக்கூடத்தில் வைத்திருந்தார்கள். காயங்கள் நிறைந்த இயேசு. தெரசா தற்செயலாக உள்ளே போகிறார். பார்க்கிறார். இதயம் வெடித்ததுபோல் அழுது, கீழே விழுந்து, கேட்டதைக் கொடுக்கும்வரை எழுந்திருக்கமாட்டேன் என்று மல்லுக்கு நிற்கிறார். அதே காலத்தில் புனித அகுஸ்தீனின் 'ஒப்புதல்கள்' கைக்கு வருகிறது. அதே வருஷம்தான் சலமன்காவில் அது ஸ்பானிய மொழியில் அச்சாகியிருந்தது. தோட்டத்தில் ஒரு குரல் கேட்டு அகுஸ்தீன் மனம் மாறுகிற கட்டத்தைப் படித்து, அந்தக் குரல் தனக்கே வந்ததுபோல் நெடுநேரம் அழுதிருக்கிறார்.

இதை வைத்துத் தெரசாவின் கதையை 'ஒரே நாளில் எல்லாம் மாறியது' என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 9ம் அத்தியாயத்திலேயே பதில் இருக்கிறது. இதுபோல் அழுதது முதல்முறை அல்ல என்கிறார். மகதலா மரியாளை நினைத்து, நற்கருணை வாங்கிய வேளைகளில், பலமுறை காலடியில் விழுந்திருக்கிறார். பலனில்லை. இந்தமுறை மட்டும் என்ன வித்தியாசம்? தன்மேல் இருந்த நம்பிக்கை அடியோடு போயிருந்தது. முன்பெல்லாம் 'கடவுளே உதவி செய்' என்று கேட்கும்போதே, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு ரிசர்வ் கையில் வைத்திருந்தார். இப்போது கையிருப்பு பூஜ்யம். அந்தப் பத்து வருஷ மணி பார்த்தல்தான் கையிருப்பைக் கரைத்தது என்பது என் வாசிப்பு. அப்படிப் பார்த்தால் அது வீணான காலமே அல்ல. அவர் இப்படிச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

அப்போதும் எல்லாம் முடியவில்லை. பழைய சிநேகிதங்களை வெட்ட இன்னும் இரண்டு வருஷம் போல ஆகிறது.

புத்தகத்தின்மேல் எனக்குப் புகார்களும் உண்டு. முதலாவது, 'நான் படுபாவி, மகா கேவலமானவள், அற்பமான பெண்' என்று பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. நாற்பது அத்தியாயமும் இதே என்றால் அலுக்கும். அமெரிக்க ஆய்வாளர் அலிசன் வெபர் 1990ல் வெளியிட்ட நூலில் இதற்கு வேறு விளக்கம் கொடுத்தார். விசாரணைச் சபை கண்கொத்திப் பாம்பாக இருந்த நாட்டில், இறையியல் பேச அனுமதியில்லாத ஒரு பெண், தன்னைத் தாழ்த்திக்கொண்டே சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிற உத்தி அது என்று. ஒப்புக்கொள்கிறேன். உத்தி என்றாலும் அலுப்பு அலுப்புதான்.

இரண்டாவது புகார் கொஞ்சம் பெரிசு. இந்தப் புத்தகத்திலேயே ஓர் எரர் ஆஃப் ஒமிஷன் இருக்கிறது. பெற்றோர் நல்லவர்கள், தெய்வ பயம் உள்ளவர்கள் என்று தொடங்குகிறவர், தாத்தாவைப் பற்றி மூச்சுவிடவில்லை. டோலேடோ ஜவுளி வியாபாரி ஹுவான் சாஞ்செஸ் யூத வம்சத்திலிருந்து கிறிஸ்தவரானவர். 1485ல் யூத வழக்கங்களுக்குத் திரும்பியதாக விசாரணைச் சபைமுன் ஒப்புக்கொண்டு, தண்டனை அங்கி அணிந்து ஊர்வலம் போனவர். அப்புறம் குடும்பம் அவிலாவுக்கு இடம்பெயர்ந்தது. பிள்ளைகள் வழக்காடி, உயர்குடி அந்தஸ்தைச் சம்பாதித்தார்கள். இந்த வழக்கு ஆவணங்கள் வெளிச்சத்துக்கு வந்ததே 1940களில்தான்.

தாத்தாவை மறைத்தார் என்று நான் குற்றம் சாட்டவில்லை. அன்றைய ஸ்பெயினில் அதை எழுதினால் என்ன ஆகும் என்று தெரியும். ஆனால் இது தெரிந்தபிறகு புத்தகத்தின் வேறு பக்கங்கள் வெளிச்சமாகின்றன. 'கௌரவம்' என்ற சொல்மேல் அவருக்கு இருக்கும் ஆத்திரம்! யார் முன்னால் உட்காருவது, யாருக்கு எந்தப் பட்டம் என்பதெல்லாம் ஆத்மாவைக் கட்டிப்போடும் சங்கிலி என்று திரும்பத் திரும்பச் சாடுகிறார். காசு கொடுத்து, கோர்ட் ஏறி கௌரவத்தை வாங்கிய வீட்டில் வளர்ந்தவருக்கு அதன் விலை தெரியாதா? 'நாலு பேர் நல்லவள் என்கிறார்கள்' என்பதே அவரை இருபது வருஷம் தூங்க வைத்த தலையணை.

மூன்றாவதுதான் நிஜமான புகார். ஆசை என்பது கடவுள் கொடுப்பது, நாமாக உண்டாக்க முடியாது என்கிறார். சரி. அப்படியானால் தாகமே இல்லாமல் சௌக்கியமாக இருக்கிறவன் என்ன செய்வது?

இதற்கு அவர் நேரடியாக ஒரு பதில் எழுதவில்லை. இரண்டு இடங்களில் சிதறிக் கிடக்கிறது. ஒன்று, பிரபலமான 'நான்கு தண்ணீர்' பகுதி. செபிக்கிற ஆத்மா ஒரு தோட்டம். தண்ணீர் பாய்ச்ச நாலு வழி. கிணற்றில் வாளிவிட்டு இறைப்பது முதல் வழி. வாளிகள் கட்டிய சக்கரத்தைச் சுற்றி இறைப்பது இரண்டாவது. கிட்டத்தட்ட நம் கமலை மாதிரி, உழைப்பு கொஞ்சம் குறைவு, தண்ணீர் அதிகம். ஆறு அல்லது ஓடையிலிருந்து வாய்க்கால் வெட்டிப் பாய்ச்சுவது மூன்றாவது. நாலாவது மழை. நமக்கு வேலையே இல்லை. கிணற்றுப் பாசனம் பார்த்த எவருக்கும் இதற்கு உரை தேவையில்லை. எல்லோரும் மழையைப் பற்றித்தான் பேசுவார்கள். என்னைப் பிடித்து நிறுத்தியது முதல் தண்ணீர். நாள் கணக்கில் வாளி இறக்கியும் காலியாகவே வருகிறது. கை தூக்க முடியவில்லை. ஒரு நல்ல நினைப்புகூட வரவில்லை. தோட்டக்காரன் என்ன செய்வான்? தொடர்ந்து இறக்குவான் என்கிறார். தோட்டம் அவனுடையதல்ல, சொந்தக்காரர் பார்த்துக்கொண்டிருக்கிறார், அவரைச் சந்தோஷப்படுத்தத்தான் இவன் வந்தான். தண்ணீரே இல்லாமலும் பூக்களைக் காப்பாற்ற அவருக்குத் தெரியும்.

இது வறட்சியில் இருப்பவனுக்கு மருந்து. வாளியையே இறக்காமல், தோட்டம் நன்றாகத்தான் இருக்கிறது என்று திண்ணையில் உட்கார்ந்திருப்பவனுக்கு? அதற்கு 16ம் அத்தியாயத்தில் போகிறபோக்கில் ஒன்று வருகிறது. அப்போது தெரசாவும் கிறிஸ்துவில் ஒருவரையொருவர் நேசிக்கிற சிலருமாக ஐந்து பேர் நெருங்கியிருந்தார்கள். கடவுளுக்கு எதிராகச் சதி செய்கிறவர்களே இந்தக் காலத்தில் ரகசியமாகக் கூடுகிறார்களே, நாமும் அவ்வப்போது கூடி ஒருவர் ஏமாற்றத்தை ஒருவர் கலைத்துக்கொண்டால் என்ன என்று கேட்கிறார். புகழ்வதற்கோ ஆறுதல் சொல்வதற்கோ அல்ல. உன் கணக்கில் இது விட்டுப்போயிருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொல்வதற்கு. பொதுவாக யாரும் நமக்கு இதைச் செய்யமாட்டார்கள், நம்மை உண்மையாக நேசித்து நம் நன்மையை நினைப்பவர்தான் செய்வார் என்றும் அவருக்குத் தெரிகிறது.

மடத்துத் தாயார் செய்யவில்லை. பாவசங்கீர்த்தனம் கேட்ட பல சாமியார்களும் இது பெரிய தப்பில்லை என்றே சொல்லி அனுப்பினார்கள். அவர்கள்மேல் தெரசாவுக்கு இருக்கும் வருத்தம் வரிக்கு வரி தெரிகிறது. அரைகுறையாகப் படித்த குருக்கள் தனக்குப் பெரிய தீங்கு செய்தார்கள், முழுசாகப் படித்தவர் யாரும் தன்னைத் தவறாக வழிநடத்தியதில்லை என்கிறார். கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிற ஆடிட்டர்களைப் பார்த்தவர்களுக்கு இந்த வருத்தம் புரியும்.

அதனால்தானோ என்னவோ, தன் புத்தகத்தை அப்படி ஒருவரிடம் காட்டவேண்டும் என்று தெரசா பிடிவாதமாக இருந்தார். ஆந்தலூசியாவில் இருந்த புகழ்பெற்ற பிரசங்கியார் ஹுவான் தெ அவிலாதான் அவர் குறிவைத்தவர். 1568ல் சீமாட்டி லூயிசா தெ லா செர்தாவிடம் பிரதியைக் கொடுத்தனுப்பினார். அந்த அம்மாள் சாவகாசமாகத் தன்னுடனேயே வைத்துக்கொண்டார். தெரசாவிடமிருந்து கடிதத்துக்குமேல் கடிதம். ஒருவழியாகச் சேர்ந்து, செப்டம்பரில் பதில் வந்தது. சாராம்சம் நல்லது, ஆனால் எல்லோர் கைக்கும் போகிற புத்தகமல்ல, சில இடங்களில் சொற்களைச் செதுக்கவேண்டும், சில இடங்களில் விளக்கவேண்டும் என்று எழுதியிருந்தார். கணக்கு பாஸ், சில குறிப்புகளுடன். தெரசாவுக்குப் பெரிய நிம்மதி. சில வருஷங்களில் எபோலி இளவரசியோடு ஏற்பட்ட மனஸ்தாபத்தில் புத்தகம் விசாரணைச் சபைவரை போய் மாட்டிக்கொண்டது. 1582ல் அவர் இறந்து, 1588ல்தான் அச்சில் வந்தது.

1921 கோடையில், ஜெர்மனியில் ஒரு நண்பர் வீட்டு அலமாரியிலிருந்து இதை எடுத்துப் படித்த எடித் ஸ்டெயின் என்ற யூதப் பெண், அடுத்த ஜனவரியில் ஞானஸ்நானம் பெற்று, பிற்பாடு கார்மெல் மடத்தில் சேர்ந்தார். 1942ல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். தெரசாவின் தாத்தாவைப் பற்றிய ஆவணங்கள் அவர் காலத்தில் வெளிவந்திருக்கவில்லை.

படிக்க விரும்புகிறவர்களுக்கு: ஆங்கிலத்தில் அலிசன் பியர்ஸ் மொழிபெயர்ப்பு இருக்கிறது. பெங்குவினில் ஜே.எம்.கோஹன் செய்தது 1957ல் வந்தது. எதுவானாலும் முதல் 9 அத்தியாயங்களைப் படித்துவிட்டு 11, 12, 13க்குப் போங்கள். ஈட்டி, தேவதூதன், பரவசம் எல்லாம் அங்கேயேதான் இருக்கும், பொறுமையாகப் பார்த்துக்கொள்ளலாம். 7ம் அத்தியாயத்தில் அந்த அப்பா எழுந்து போகிற இடம் ஆங்கிலத்தில் சில வரிகள்தான். வேகமாகப் படித்தால் தாண்டிவிடுவீர்கள்.